நான் சுரண்டி எடுத்த தழும்பு

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன கிழமை நீங்கள் படம் கழுவும் இருட்டறையில் நான் போட்ட சத்தம் மருதனார்மடச் சந்தைக்குள்ளும் கேட்டதாம் என்று உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். கேட்டிருக்கட்டும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது நீங்கள் அறியாததல்ல. உங்களில் ஒரு தங்கச்சி அழுதுகொண்டு வெளியே போனதுதான் மனதை அரிக்கிறது. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். காரணம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று நடந்தது இவ்வளவுதான். அந்தத் தங்கச்சி தன் சிநேகிதியின் நெகற்றிவை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சவர பிளேட்டின் முனையால் கன்னத்தில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "சின்னக் கோடு ஒண்டு அங்கிள். ஒருக்காத் தட்டிவிட்டா முகம் வடிவா வந்திடும்" என்றார். "உமக்கென்ன விசரோ? அவ உம்மட்டைக் கேட்டவவோ?" என்று கத்தி, பிளேட்டைப் பறித்து யன்னலால் எறிந்தேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படம் பிடிக்கப் பழகப் புதிதாக வருகிறவர்களுக்குக் கருவிகளைப் பற்றி எழுதித் தரும்படி ஆறு மாதமாகக் கேட்கிறீர்கள். கமரா செய்வதற்கு நன்றாகக் காய்ந்த எந்த மரமும் போதும். லென்சுக்கும் பெட்டிக்கும் நடுவில் நீண்டு சுருங்கும் துருத்திக்குக் குடைத்துணியை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். ஒளி கசிகிறதா என்று அறிய, உள்ளே ஒரு டோர்ச்சைக் கொளுத்தி வைத்துவிட்டு இருட்டில் நின்று சுற்றிவரப் பாருங்கள். மிச்சமெல்லாம் உங்கள் கைபேசியே சொல்லித் தரும். கத்தியைப் பற்றி மட்டும் நான்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அதனால் வந்த கேட்டை அனுபவித்தது நானும் இன்னொரு குடும்பமும்.

நெகற்றிவில் எல்லாம் மாறித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். முகத்தில் கறுப்பாக இருக்கும் மச்சம் அங்கே வெளிச்சப் புள்ளி. அதை மறைக்க வேண்டுமென்றால் மெல்லிய பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரப்புவோம். பிழைத்துப்போனால் பஞ்சில் கொஞ்சம் டர்பன்ரைன் தொட்டுத் துடைத்துவிடலாம். ஆனால் முகத்தில் வெளிறிக் கிடக்கும் தழும்பு நெகற்றிவில் கறுத்த கோடாக இருக்கும். அந்தக் கறுப்பைக் குறைக்க, பிலிமில் படத்தைத் தாங்கியிருக்கும் பூச்சைக் கத்தியால் சுரண்டத்தான் வேண்டும். சுரண்டிய பூச்சைத் திரும்ப ஒட்ட வழியே கிடையாது.

என் கத்தி பழைய கிராமபோன் வில்லுத் தகட்டைத் தீட்டி நானே செய்தது. மயிரிழை அளவுக்கு நுனி. அதை வைத்துக்கொண்டு நான் செய்யாத கூத்தில்லை. அம்மைத் தழும்பு, வெட்டுக்காயம், கண்ணுக்குக் கீழே சுருக்கம், எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவேன். கலியாணம் பேசப் படம் எடுக்க வந்தவர்கள் என்னைத் தேடித்தான் வந்தார்கள். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்த காலத்தில் நானும் சாவகச்சேரியில் ஒதுங்கினேன். மூடிக்கிடந்த ஒரு பேக்கரியின் பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அதையே ஸ்ரூடியோ ஆக்கினேன். கமரா, எங்கள் அலுமாரிக் கதவை அறுத்து நான் செய்த பெட்டி. பிலிம் ஊருக்குள் வருவதில்லை. காலாவதியான எக்ஸ்ரே பிலிம் பெட்டி ஒன்று கிடைத்தது. அதைச் சிவப்பு வெளிச்சத்தில் துண்டு துண்டாக வெட்டிப் பாவித்தேன். எக்ஸ்ரே பிலிமுக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கமும் பூச்சு. நனைந்தால் இரண்டு பக்கமும் களி மாதிரி இளகும், நகம் பட்டாலே கிழியும். அது எங்களுடைய நிறத்தை இன்னும் இரண்டு மடங்கு கறுப்பாக்கும். முகத்தில் தழும்பு இருந்தால் சுண்ணாம்பால் கீறியது போல எடுத்துக் காட்டும்.

அப்போதுதான் வசந்தன் வந்தான். உடுவில் பெடியன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கூடவே தாயும், பள்ளிக்கூடச் சட்டையோடு தங்கையும். குடாநாட்டை விட்டு வெளியே போக அனுமதி எடுப்பதற்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் படம் வேண்டும். தாய் முந்தானையால் மகனுடைய முகத்தைத் துடைத்துவிட்டார். "விடணை அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்று அவன் வெட்கப்பட்டான். இடப்பக்கப் புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு இருந்தது. நாடியை நிமிர்த்தச் சொன்னேன், எடுத்தேன், நாளையிண்டைக்கு வரச் சொன்னேன்.

நெகற்றிவைக் காயவைத்துப் பார்த்தபோது அந்தத் தழும்பு கண்ணைக் குத்தியது. நல்ல முகம், நல்ல வெளிச்சம், நடுவில் இது. அவன் எடுக்கச் சொல்லவில்லை. தாயும் சொல்லவில்லை. என் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். அரை மணித்தியாலம் குந்தியிருந்து சுரண்டி, கூடச் சுரண்டுப்பட்ட இடங்களைப் பென்சிலால் நிரப்பி, பிளந்த புருவத்தைப் பொருத்தி, தழும்பு இருந்த இடமே தெரியாமல் ஆக்கினேன். அடையாள அட்டைக்கான படத்தில் அடையாளத்தை எடுக்கக்கூடாது என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. கலியாணப் படத்துக்கும் அட்டைப் படத்துக்கும் வித்தியாசம் தெரியாத மடையனாக இருந்திருக்கிறேன்.

படத்தை வாங்க வந்தவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணை, என்னைச் சினிமாக்காரன் ஆக்கிப்போட்டியள்" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அட்டை கிடைத்து அவன் புறப்பட்டுப் போன மூன்றாம் நாள் காலையில், அந்த அம்மா தலைகூட முடியாமல் பேக்கரிப் பின்பக்கத்துக்கு ஓடி வந்தார்.

"தம்பி, பிள்ளையை மறிச்சு வைச்சிட்டினம்" என்றார்.

"எங்கையம்மா? ஆர் மறிச்சது?"

"சோதனை செய்யிற இடத்தில. கூடப் போன பெடியன் வந்து சொன்னவன். அட்டையைப் பாக்கிறதும் முகத்தைப் பாக்கிறதுமா நிண்டவையாம். உன்ரை முகத்தில காயம் கிடக்கு, படத்தில இல்லை, இது நீயில்லை எண்டவையாம். மற்ற ஆக்களை விட்டிட்டு இவனை மட்டும் ஒரு பக்கமா நிக்க விட்டவையாம்."

அவர் என்னைத் திட்ட வரவில்லை. கையில் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருந்தார். "நீங்கள்தான் அந்தக் காயத்தைப் படத்தில எடுத்தனீங்கள் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ தம்பி. கொண்டுபோய்க் காட்டினா விடுவினம்" என்றார்.

எழுதினேன். ஸ்ரூடியோ முத்திரையும் குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் போகவில்லை, நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்களும் ஒருக்கா வந்து சொன்னீங்களெண்டால்?"

தம்பிமாரே, இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. "இண்டைக்கு ஏலாதம்மா. நீங்கள் முன்னாலை போங்கோ, நான் நாளைக்கு வாறன்" என்றேன். பொய். எனக்குப் பயம். போனால் என்னையும் இருத்திவிடுவார்கள் என்று பயம். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அந்த அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகள்தான். நாளைக்கும் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. நெகற்றிவைக் கொண்டுபோய் விரித்து, கத்தி பட்ட இடத்தை விரலால் காட்டி, "இஞ்சை பாருங்கோ, நான்தான் செய்தனான்" என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அந்த ஒருவன் பேக்கரிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தான்.

அவர் தனியாகப் போனார். துண்டை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்களாம். வசந்தன் அதற்குப் பிறகு வரவேயில்லை.

தழும்பினால்தான் அவனை மறித்து வைத்தார்களா, வேறு காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் காரணம் தேவைப்படவில்லை என்று என் மனைவி ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறா. இருக்கலாம். ஆனால் தெரியாது என்பதை வைத்துக்கொண்டு மனிதனால் நித்திரை கொள்ள முடியாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த அம்மா கேட்டு, அதே நெகற்றிவில் இருந்து பெரிய படம் ஒன்று அடித்துக் கொடுத்தேன். அவனுடைய வேறு படம் அவர்களிடம் இல்லை. முன்பு எடுத்திருந்த ஒன்றிரண்டும் வீட்டோடு எரிந்துபோயின. காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வீதியோரத்தில் போராட்டம் இருந்த இடமெல்லாம் அந்தப் படத்தோடு அவரும் இருந்தார். விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், "இடப்பக்கப் புருவத்தில காயம் இருக்கு, படத்தில தெரியாது" என்று அவர் சொல்வதை நானே இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார். ஒரு நாளும் ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் பங்குனியில் அவருடைய மகள் என் வீடு தேடி வந்தார். பள்ளிக்கூடச் சட்டையோடு பார்த்த பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஒரு பையில் அந்தப் பெரிய படத்தைக் கொண்டு வந்திருந்தார்.

"அண்ணை, அம்மாவுக்கு இப்ப நினைவு வலு குறைவு. ரெண்டு வருசமாப் படிப்படியாப் போட்டுது. அண்ணாவைக் காணேல்லை எண்டதும் மறந்திட்டா. ஆனா புருவத்தில காயம் இருந்தது மட்டும் மறக்கேல்லை. இந்தப் படத்தைக் கையில குடுத்தா தள்ளி விடுறா. உது ஆற்றையோ பிள்ளை, என்ரை பிள்ளைக்குக் காயம் இருக்கெல்லோ, உதைக் கொண்டுபோய் அவையளிட்டைக் குடு எண்டுறா."

படத்தை வாங்கி மேசையில் வைத்தேன்.

"கொஞ்ச நாள் போனா எங்களையும் தெரியாமப் போயிடும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுக்கு முன்னம் ஒருக்கா, ஒரே ஒருக்கா, அண்ணாவை அடையாளம் கண்டு பேரைச் சொன்னா எனக்குக் காணும். உங்களாலை ஏதும் செய்ய ஏலுமோ அண்ணை?"

முதலில் படத்தோடு அவரை உங்களிடம்தான் அனுப்பினேன். உங்களில் ஒரு கெட்டிக்காரர், பெயர் சொல்லவில்லை, கம்பியூட்டரில் அந்த இடத்தில் ஒரு தழும்பைப் போட்டுக் கொடுத்தார். நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன். அந்த அம்மா எச்சில் தொட்டு விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாராம். "ஆரோ பகிடிக்குக் கீறியிருக்கினம்" என்று சொல்லி எறிந்துவிட்டாராம். தன் வயிற்றில் பிறந்தவனுடைய காயம் எங்கே தொடங்கி எங்கே வளைந்தது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் அந்த நெகற்றிவ் என்னிடம் இருந்தது. எத்தனை இடப்பெயர்வு வந்தும் அதை விட்டுவிட்டு ஓட எனக்கு மனம் வரவில்லை. எடுத்து யன்னலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். கத்தி கீறிய இடம் மினுங்கியது. மறுபக்கம் திருப்பினேன். அங்கே மினுக்கம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அட பேயா, உது எக்ஸ்ரே பிலிம் எல்லோ! இரண்டு பக்கமும் பூச்சு. இரண்டு பக்கமும் அவனுடைய முகம் பதிந்திருக்கிறது. நான் சுரண்டியதும் பென்சில் தொட்டதும் முன்பக்கத்தை. பின்பக்கத்தில் அந்தத் தழும்பு இத்தனை வருஷமாக அப்படியே இருந்திருக்கிறது. அதையும் ஈடுகட்ட முன்பக்கத்தை ஆழமாக வழித்ததால்தான் படத்தில் அது தெரியவில்லை. முன்பக்கப் பூச்சை முழுவதுமாகக் கரைத்து எடுத்துவிட்டால் பின்பக்கத்து முகம் மட்டும் மிஞ்சும்.

உங்கள் இருட்டறையை மூன்று நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டு, ஒருவரையும் உள்ளே விடாமல் கதவைப் பூட்டினேனே, அதற்குத்தான். கிழவன் உள்ளே பியர் குடிக்கிறான் என்று கதைத்தீர்களாம். அதுவும் என் காதுக்கு வந்தது.

செய்யும் முறை சுகமானது, துணி வெளுக்கும் ப்ளீச்தான். நெகற்றிவை ஒரு கண்ணாடியில் வைத்து, நான்கு ஓரத்தையும் ரேப்பால் மூடி, மேல் பக்கத்தில் ப்ளீச்சைத் தடவினால் பூச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் ஓரத்தில் ஒரு துளி கீழே கசிந்தாலும் பின்பக்கமும் போய்விடும். பழைய எக்ஸ்ரே துண்டுகள் ஐந்தில் முதலில் செய்து பார்த்தேன். முதல் மூன்றிலும் கசிந்தது. ஒன்றில் ஒருவருடைய வாயும் நாடியும் என் கண் முன்னால் கரைந்து தண்ணீரோடு போயின. நாலாவதற்கு ரேப்புக்கு மேலே மெழுகுதிரி மெழுகையும் உருக்கி விட்டேன். அது தப்பியது. ஐந்தாவதும் தப்பியது.

ஐந்தில் இரண்டு தப்பினால் ஆறாவது தப்புமா? இதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. செய்யாமல் விட்டால் தழும்பு பத்திரமாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், பார்க்கவேண்டியவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. செய்து பிழைத்தால் நான் அவனை இரண்டாம் தரம் அழித்தவன் ஆவேன். அரை நாள் கதிரையில் இருந்து யோசித்தேன். எழுபது வயதுக் கை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையே ஆடுகிறது. எழும்பி அந்த அம்மாவின் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, பிழைச்சா அந்தக் காயம் ஒரு நாளும் திரும்பி வராது. செய்யட்டோ?"

"நீங்கள் இப்ப கேட்டுச் செய்யிறியளே அண்ணை, அது காணும். செய்யுங்கோ" என்றார்.

அவர் குத்திக் காட்டவில்லை. ஆனால் எனக்கு அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது.

இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சொல்ல வந்த புத்தி இதுதான். கத்தி எவ்வளவு கூர், கை எவ்வளவு கெட்டித்தனம் என்பதெல்லாம் பிறகு. முகத்துக்குச் சொந்தக்காரரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால் அவரைப் பெற்றவரைக் கேளுங்கள். அன்றைக்கு நான் ஒரு வாய் கேட்டிருந்தால் அந்தத் தாய், "வேண்டாம் தம்பி, கிடக்கட்டும்" என்று சொல்லியிருப்பார்.

ப்ளீச்சைத் தடவினேன். பூச்சு சாம்பல் நிறச் சளியாகத் திரண்டது. பஞ்சால் வழித்தேன், தண்ணீர் விட்டேன், திரும்பவும் தடவினேன். வலப்பக்கக் கீழ் மூலையில் மெழுகு கொஞ்சம் வெடித்ததைக் கண்டேன். இன்னும் ஒரு தரம் தடவினால் முன்பக்கம் சுத்தமாகப் போய்விடும், அதற்குள் கசிவும் உள்ளே போய்விடும். நிறுத்தினேன். காதுப் பக்கத்தில் பழைய பூச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். புருவம் சுத்தமாக இருந்தது. அதுதான் வேண்டும்.

பாதிப் பூச்சுப் போனதால் நெகற்றிவ் மெலிந்துபோயிருந்தது. கறுப்பையும் வெள்ளையையும் கூட்டிக் காட்டும், உங்களிடம் இருந்த வன்மையான கடதாசியில்தான் அடித்தேன். டெவலப்பர் தட்டுக்குள் முதலில் தலைமயிர் வந்தது. பிறகு கண் இரண்டும் வந்தன. பிறகு இடப்புருவம் இரண்டாகப் பிளந்து, நடுவில் வெள்ளையாக அந்தத் தழும்பு வந்தது. நான் நினைத்து வைத்திருந்ததைப் போல நேராக இல்லை. கீழே வந்து மூக்குப் பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்தது. "வந்திட்டியே ராசா" என்று வாய்விட்டுச் சொன்னேன். தட்டுக்குள் கண்ணீர் விழுந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் பத்து மணிபோலப் படத்தோடு உடுவிலுக்குப் போனேன். அந்த அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்தார். என்னைத் தெரியவில்லை. மகள் படத்தை மடியில் வைத்து, "அம்மா, இஞ்சை பாரணை, இது ஆர்?" என்று கேட்டார்.

தள்ளிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கையும் அதற்குத்தான் எழும்பியது. பாதியில் நின்றது. பிறகு விரல் மெல்ல இறங்கி, புருவத்தில் தொடங்கி, தழும்பு வளையும் இடத்தில் தானும் வளைந்து வந்தது.

"வசந்தன்" என்றார். "ஏனடா உப்பிடி மெலிஞ்சு போனாய்?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார். நான் வெளியே வந்து செவ்வரத்தைச் செடிக்குப் பக்கத்தில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தா.

இந்தக் கடிதத்தை இந்த இடத்தில் முடித்திருக்கலாம். முடித்தால் அது பொய்.

பத்து நாள் கழித்து ஒரு காலை அவர்கள் வீட்டு ஒழுங்கையால் சைக்கிளில் வந்தேன். படலைக்கு வெளியே, வெயிலில், ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் அந்த அம்மா. மடியில் படம், முகம் வீதியைப் பார்த்தபடி. பக்கத்தில் மகள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தங்கச்சி, உந்த வெயிலுக்கை?" என்று கேட்டேன்.

"அண்டையிலயிருந்து உப்பிடித்தான் அண்ணை. விடிஞ்சா கதிரையைத் தூக்கு எண்டுறா. அவன் வந்து படலை பூட்டிக் கிடந்தா திரும்பிப் போயிடுவானாம். போற வாற எல்லாரையும் மறிச்சுக் கேக்கிறா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு வருசமா அம்மா காத்திருக்கேல்லை அண்ணை. மறந்து, சிவனே எண்டு இருந்தவா. நான்தான் உங்களிட்டை வந்து கேட்டனான். உங்களிலை பிழை இல்லை."

காணாமல் போனவனைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. காத்திருப்பதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் செய்தது சரியா பிழையா என்று இன்றுவரை தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள், கத்தமாட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். சைக்கிள் கைபிடியை எட்டிப் பிடித்தார்.

"தம்பி, றோட்டால வாறியள். இவனைக் கண்டனீங்களோ?"

படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஓமம்மா" என்றேன். "கண்டனான்."

"எப்ப வாறனெண்டு சொன்னவன்?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வீதியில் ஒரு மினிபஸ் போனது.

"பின்னேரம் வருவான் அம்மா."

"பின்னேரமோ!" அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் படம் எடுக்க எனக்குத் தைரியம் வராது. மகளுடைய கையைத் தட்டினார். "கேட்டியே பிள்ளை? ஒரு பிடி அரிசி கூடப் போடு. பசியோட வருவான்."

மகள் குடையை என் கையில் தந்தார். பிறகு உள்ளே போய் அரிசி கழுவத் தொடங்கினார்.